கயிறு யார் கையில்? – முக்குளிப்பின் வரலாறும் நம் பிள்ளைகளும்



வசதி படைத்தோர் இப்பொழுது விரும்பிச் செல்லும் சுற்றுலாக்களுள் ஒன்று, கப்பலிலேயே தங்கிக் கடலில் முக்குளிக்கும் பயணம். மாலைத்தீவு, தாய்லாந்தின் சிமிலான் தீவுகள், இந்தோனேசியா, செங்கடல் எனப் பல இடங்களில் இது நடைபெறுகிறது. ஒரு வார காலம் கரையை மறந்துவிட வேண்டும். உறக்கம், உணவு, ஓய்வு எல்லாம் கப்பலிலேயே. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை முதுகில் காற்றுக் கலனைச் சுமந்து கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறைகளையும் மீன் கூட்டங்களையும் கண்டு வரலாம்.

மாலைத்தீவில் இத்தகைய பெரிய கப்பலோடு சிறிய படகு ஒன்றும் கூடவே செல்லும். காற்றுக் கலன்களைச் சுமப்பதும், முக்குளிப்பவர்களைப் பாறையருகே கொண்டுபோய் விட்டு மீண்டும் ஏற்றி வருவதும் அதன் பணி. அந்தச் சிறு படகுக்கு அத்தீவு மக்கள் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ‘தோனி’! நம் தோணியோடு உறவுடைய சொல்தான் அது.

சொல் மட்டுமா நம்மோடு உறவுடையது? பெரிய கப்பலைக் கடலில் நிறுத்தி, சிறு படகில் ஏறிச் சென்று மூழ்கும் முறையே தமிழர் கடலில் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததுதான். ஒரே ஒரு வேறுபாடு. இன்று மூழ்குபவர் பணம் கொடுத்து மூழ்குகிறார். அன்று மூழ்கியவர் வயிற்றுக்காக மூழ்கினார். இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மார்க்கோ போலோ எழுதி வைத்த காட்சி

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை விரிவாகவே எழுதியுள்ளார். வணிகர்கள் கூலிக்கு ஆள் அமர்த்திக் கொண்டு கப்பலில் கடலுக்குள் செல்வார்கள். அங்கே நங்கூரம் பாய்ச்சிவிட்டுச் சிறு படகுகளுக்கு மாறுவார்கள். அப்படகுகளிலிருந்து மூழ்குவோர் கடலடியில் இறங்கிச் சிப்பிகளை அள்ளி வருவார்கள்.

கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு உரியது. இருபதில் ஒரு பங்கு சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு உரியது. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லும். மாலையில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் எவரும் திருட்டுத்தனமாக மூழ்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது! சுறாவைக் கட்டும் இவ்வழக்கம் எளிதில் மறையவில்லை. ‘கடற்கட்டி’ எனப்பட்ட இவர்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட ஆங்கில அரசே ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தில் ஆட்சியாளர்களுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, கடற்கட்டி கரையில் நிற்காவிட்டால் மூழ்குவோர் படகில் ஏற மாட்டார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முத்தைப் பாடினோம், மூச்சை மறந்தோம்

கொற்கை முத்து என்றால் நமக்குப் பெருமிதம். கட்டுரையில் மாணவர் ஒருவர் ‘முத்து முத்தான எழுத்து’ என்று எழுதினால் மகிழ்கிறோம். ஆனால், கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டளவில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழிக் குறிப்பு, கொற்கையைப் பற்றி வேறொரு செய்தியையும் சொல்கிறது. அங்கே முத்துக்குளிக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டார்களாம். மன்னனின் மார்பில் ஒளிர்ந்த முத்து, மறுக்க முடியாத நிலையிலிருந்த ஒருவனின் மூச்சிலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் வந்த ஆட்சியாளர்களுக்கும் இக்கடல் ஒரு கருவூலமாகவே இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக முத்துப் படுகைகளைத் தம் வசமாக்கினர். கொடி மாறியது; மூழ்கியவர் மாறவில்லை. தூத்துக்குடிப் பரதவர்களும், கீழக்கரை முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் தொடர்ந்து மூழ்கினர்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழில் எப்படி நடந்தது என்பதற்கு நல்ல பதிவுகள் உள்ளன. இலங்கையின் வடமேற்குக் கரையில் சிலாவத்துறைக்குத் தெற்கே மரிச்சுக்கட்டி என்னும் இடம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி ஆளரவமற்ற மணற்பரப்பு அது. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் ஒரு சில வாரங்களுக்குப் பல்லாயிரம் பேர் வாழும் ஓலைக்குடிசை நகரமாகிவிடும். நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் படகுகள் புறப்படும். விடியற்காலையில் ‘பார்’ எனப்படும் சிப்பிப் படுகையை அடையும். நண்பகல்வரை மூழ்குவார்கள். பிறகு கடற்காற்றில் கரை திரும்புவார்கள்.

மூழ்குபவர் கனமான கல் ஒன்றில் கால் வைத்து, ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர் ஆழம்வரை இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் அவருக்குக் கிடைக்கும். அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளையெல்லாம் கூடையில் வாரிப் போட வேண்டும். பின் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துக் கொள்வார். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை இப்படி!

1905-ஆம் ஆண்டு அக்கடலில் எடுக்கப்பட்ட சிப்பிகள் ஏறக்குறைய 8 கோடி. அரசுக்குக் கிடைத்த வருவாய் சுமார் 25 இலட்சம் ரூபாய். கரைக்கு வந்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுடையது. எஞ்சிய ஒரு பங்குதான் படகுடையது. படகுச் சொந்தக்காரர், தண்டல், மூழ்கியவர், கயிறு பிடித்தவர் என அனைவரும் அதிலிருந்தே பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே ஆங்கில அரசு அப்படுகைகளை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சிப்பி வளம் குன்றியதால் சில ஆண்டுகளிலேயே அந்நிறுவனமும் நொடித்தது. இக்கரையில், தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது.

அந்த 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறிய தமிழர்கள் இங்கே காடழித்து இரப்பர் தோட்டங்களை உருவாக்கிக் கொண்டிருந்தனர் என்பதையும் இணைத்துப் பாருங்கள். அங்கே முன்பணம் வாங்கிப் படகேறியவர். இங்கே முன்பணம் வாங்கிக் கப்பலேறியவர். அங்கே சம்மாட்டி, இங்கே கங்காணி. முத்தும் இரப்பரும் உலகச் சந்தையில் விலைபோயின. உழைத்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

வகுப்பறையில் ஒரு நிமிடம்

இப்பாடத்தை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விளக்கும்பொழுது ஓர் எளிய நடவடிக்கையைச் செய்வதுண்டு. அனைவரையும் நாற்காலியில் அமரச் செய்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை அடக்கச் சொல்வேன். (தண்ணீரில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். இயலாதவர் உடனே விட்டுவிடலாம்.) முப்பது விநாடிக்குள் பாதி வகுப்பு ‘ஹா’ என்று வாய் திறந்துவிடும். ஒரு நிமிடத்தை எட்டுபவர் ஓரிருவரே. அதுவும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டு!

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், கீழே இருக்கிறவருக்கு மூச்சு முடிஞ்சிருச்சின்னு மேலே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?”

வரலாற்றின் மையத்தையே தொட்ட கேள்வி அது. கயிற்றின் அசைவு ஒன்றுதான் அடையாளம். கயிறு பிடித்தவர் ஒரு கணம் கவனம் சிதறினால் போதும், கீழே ஓர் உயிர் போய்விடும். ஆகையால்தான் மூழ்குபவர் தம் மனைவியின் உடன்பிறந்தவரையே கயிறு பிடிக்க வைப்பார் என்று தூத்துக்குடிப் பகுதியில் சொல்வதுண்டு. தம் தங்கை தாலி இழக்க எந்த அண்ணன் விடுவான்? அரசன் பங்கு, குத்தகைக்காரர் பங்கு, மந்திரக்காரர் பங்கு எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. மூழ்குபவரின் உயிருக்கு மட்டும் மைத்துனரின் பாசமே காப்பு.

காற்றைச் சுமந்து சென்றவர்கள்

1943-இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞானும் இணைந்து, கலனில் அடைத்த காற்றைத் தேவைக்கேற்ப மூச்சுக்குத் தரும் கருவியை உருவாக்கினர். இன்றைய ஸ்கூபா முக்குளிப்பின் தொடக்கம் அதுதான். ஒரு நிமிடம் என்பது முக்கால் மணி நேரமாக நீண்டது. அள்ளிக்கொண்டு ஓடி வர வேண்டிய இடம், நின்று நிதானமாகப் பார்க்கும் இடமாக மாறியது.

ஆஸ்திரியா நாட்டவரான ஹான்ஸ் ஹாஸ் ‘சாரிஃபா’ என்னும் பாய்மரக் கப்பலில் அறிவியலாளர்களோடு தங்கி, 1957-58-இல் மாலைத்தீவிலும் நிக்கோபார்த் தீவுகளிலும் முக்குளித்து ஆய்வு செய்தார். மணலில் செடிகளைப் போல் நட்டு நிற்கும் விலாங்கு மீன் வகை ஒன்றுக்கு இன்றும் அவர் பெயரே அறிவியல் பெயராக உள்ளது. நிக்கோபார் நமக்கு அந்நியமான இடமன்று. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மாநக்கவாரம்’ அதுவேதான். நாம் வாழும் கெடா மாநிலமே அக்கடாரம் என்று மாணவர்களிடம் பெருமையோடு சொல்கிறோம் அல்லவா? சோழர் கப்பல்கள் கடந்து சென்ற கடலின் அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க மனிதருக்கு மேலும் 900 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

அதே காலக்கட்டத்தில், 1956-இல், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இலங்கையில் முக்குளித்து வந்தனர். திருகோணமலையில் கோணேசர் கோயில் அமைந்துள்ள செங்குத்துப் பாறையின் அடியில், கடலுக்குள் கோயில் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதை அவர்கள் கண்டனர். 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்த பழைய கோயிலின் எச்சங்கள் அவை. மக்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்ததற்குக் கடலே சான்று கூறியது. மூச்சுக்கு நேரம் கிடைத்தால்தான் வரலாற்றைக் காண முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

இன்றைய கப்பலில் கயிறு எங்கே?

இன்றைய முக்குளிப்பில் கயிறு இல்லை. ஆனால், அதன் வேலையைச் செய்யப் பல விதிகள் உள்ளன. தனியே மூழ்கக் கூடாது. இருவர் இணையாகவே இறங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கணினி ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும். மேலே வரும்பொழுது ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும். பயணம் முடிந்து ஏறக்குறைய ஒரு நாள் கழியும்வரை வானூர்தியில் ஏறக் கூடாது.

இவ்விதிகள் எதற்கு? ஆழத்தில் அழுத்தம் மிகுதி. பத்து மீட்டர் இறங்கினாலே அது இரு மடங்காகிவிடும். அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரையும். விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியைப்போல் இரத்தத்தில் குமிழிகள் தோன்றும். மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம்வரை நேரலாம்.

விதி இருந்தும் காவல் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் உலகம் கண்டது. அது நம்முடையதைப் போன்ற வெப்பக் கடலன்று. அமெரிக்காவின் கலிபோர்னியக் கரை. ‘கான்செப்ஷன்’ என்னும் முக்குளிப்புக் கப்பலில் பயணிகள் கீழ்த்தளத்தில் உறங்கிக் கொண்டிருந்தனர். விடியுமுன் தீப்பிடித்தது. பயணிகள் 33 பேரும் பணியாளர் ஒருவருமாக 34 பேர் மாண்டனர். இரவெல்லாம் சுற்றி வந்து காவல் காக்க ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவரில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. கப்பலின் தலைவருக்கு 2024-இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விலையுயர்ந்த கப்பலாக இருந்தும் கயிறு பிடிக்க ஆளில்லாமல் போயிற்று!

மறுபக்கத்தையும் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் இன்றும் சங்குக்காகவும் கடலட்டைக்காகவும் மூழ்குவோர் உள்ளனர். அவர்களுள் சிலர் படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியாகச் சுவாசிக்கின்றனர். மணிக்கட்டில் கணினியோ முறையான பயிற்சியோ இல்லாமல் மூழ்கி, மேலே சொன்ன குமிழி நோய்க்கு ஆளாவோர் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் கண்ணாடி அணிந்து, மூச்சடக்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, அவ்வாழ்வுக்காகக் குரல் கொடுத்தமைக்காகவும் கடலைக் காத்துப் பாசி எடுக்கும் நெறிக்காகவும் 2015-இல் சீகாலஜி என்னும் அனைத்துலக அமைப்பின் பரிசு வழங்கப்பட்டது. முத்துக்குளித்துறையின் நெடிய வரலாற்றில் மூழ்கியவர் ஒருவரின் பெயர் உலகறிய ஒலித்தது அரிய நிகழ்ச்சியே.

நம் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

பண்டார் பாரு, கெடாவின் தென்கோடி மாவட்டம். இங்கே கடற்கரை இல்லை. ஆனால், நம் எல்லையில் ஓடும் கிரியான் ஆறு மலாக்கா நீரிணையில்தான் கலக்கிறது. லங்காவிக்குத் தெற்கே, நம் மாநிலத்துக்குரிய பாயார் தீவு காக்கப்பட்ட கடல் பூங்காவாக உள்ளது. பவளப்பாறையைக் காண நம் பிள்ளைகள் மாலைத்தீவுக்குப் போக வேண்டியதில்லை. இருந்தும், இங்குள்ள பிள்ளைகள் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? இரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் என்பது எட்டாக்கனியாகவே இருக்கிறது.

கடற்கரைச் சுற்றுலா என்று அறிவித்தவுடன், “பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, டீச்சர்” என்று சொல்லும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் அச்சத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பள்ளி விடுமுறை வந்தாலே ஆற்றிலும் குட்டையிலும் சிறுவர்கள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். ஆனால், கண்டத்துக்குப் பரிகாரம் தண்ணீரின் பக்கம் போகாமலிருப்பதா? பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் போகத்தான் செய்கிறார்கள். நீந்தக் கற்றுக் கொடுப்பதும், கரையில் ஒரு பெரியவர் கைப்பேசியைப் பார்க்காமல் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நிற்பதும்தான் உண்மையான பரிகாரம். கடற்கட்டியின் மந்திரத்தைவிட மைத்துனரின் விழிப்பே மூழ்கியவரைக் காத்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டு நடவடிக்கைகளில் நீச்சல் பயிற்சியையும் ஒன்றாகச் சேர்க்கலாம். அருகிலுள்ள நகரத்து நீச்சல் குளத்திற்கு மாதம் ஒருமுறை ஒரு வேனில் அழைத்துச் சென்றாலும் போதும். பரிசளிப்பு விழாவிற்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியே இதற்குத் தேவைப்படும்.

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொற்கை முத்தையோ கடாரத்தையோ தோட்ட வரலாற்றையோ கற்பிக்கும்பொழுது மூன்று கேள்விகளை மாணவர்களிடம் கேளுங்கள். படகு யாருடையது? மூழ்கியவர் யார்? கயிறு யார் கையில் இருந்தது? இம்மூன்றையும் கேட்கப் பழகிய பிள்ளை, பின்னாளில் தான் வேலைக்குச் செல்லும் இடத்திலும் அவற்றைக் கேட்கும். கட்டுமானத் தளமாயினும் தொழிற்சாலையாயினும், தன் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் யார் என்று தெரிந்துகொண்ட பின்னரே வேலையில் இறங்கும்.

நம் மாணவர்களுள் ஒருவர் கடலியல் அறிஞராகவோ முக்குளிப்புப் பயிற்றுநராகவோ வர வேண்டும் என்பது என் ஆசை. அவருடைய முதல் பாடம் இடுப்பளவுத் தண்ணீரில், மிதவை அணிந்து, தந்தையோ தாயோ அருகில் நிற்கத் தொடங்கட்டும்.

இவ்வாண்டு விடுமுறைக்கு முன் உங்கள் பள்ளியில் நீச்சல் தெரிந்த மாணவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள். எண்ணிக்கையை எனக்கும் தெரிவியுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.